ஹாலோவீன் ராத்திரிக்கு எந்தக் கதை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடிச் சிறுகதை படிக்கிறோம். அக்டோபரில் மட்டும் திகில் கதை என்பது எப்படியோ வழக்கமாகிவிட்டது. கதையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால் செப்டம்பர் கடைசியிலிருந்தே போன் வர ஆரம்பித்துவிடும். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பதும் பழையவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

ஹாலோவீன்னா பூசணிக்காயைக் குடைஞ்சு விளக்கு வைக்கிறதுதானே? அதுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்?

நவம்பர் 1, கிறிஸ்தவ மரபில் எல்லாப் புனிதர்களுக்குமான விழா. அதற்கு முந்தின மாலையைக் குறித்த சொல்தான் தேய்ந்து தேய்ந்து ஹாலோவீன் ஆனது. அடுத்த நாள், நவம்பர் 2, இறந்த எல்லோரையும் நினைக்கும் நாள். நம் ஊரில் கல்லறைத் திருநாள் என்று பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போகிறார்களே, அதே நாள்தான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அதற்கும் முன்பே, அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் ஒரு பழைய விழா இருந்தது. அன்று ராத்திரி இறந்தவர்கள் இந்தப் பக்கம் வந்துபோகலாம் என்று நம்பினார்கள். அவர்கள் குடைந்து விளக்கு வைத்தது டர்னிப் கிழங்கில். அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகுதான் பூசணி வந்தது.

இறந்தவர்கள் வந்துபோகும் ராத்திரி என்றால் கதை தானாகவே வந்துவிடும். அயர்லாந்திலிருந்தே தொடங்க நினைப்பவர்களுக்கு டப்ளின்காரரான ஷெரிடன் லே ஃபானு 1869இல் எழுதிய 'கிரீன் டீ'யைச் சொல்வேன். இரவெல்லாம் தேநீர் குடித்துக்கொண்டு படிக்கும் ஒரு பாதிரியார், குதிரை வண்டியில் தனியாக வரும்போது எதிரே இருட்டில் இரண்டு சிவப்புப் புள்ளிகளைப் பார்க்கிறார். அதன் பிறகு அந்தச் சின்னக் கறுப்புக் குரங்கு அவரை விடுவதே இல்லை.

நான் பேய்க்கதையே படிச்சதில்லை. முதல்ல எதை எடுக்கட்டும்?

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய 'தி மங்கிஸ் பா', அதாவது 'குரங்கின் பாதம்'. வெளிவந்த ஆண்டு 1902. இதை நான் யாருக்கும் யோசிக்காமல் கொடுத்துவிடுவேன். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

அப்பா, அம்மா, வளர்ந்த ஒரே மகன். வெளியே மழை, உள்ளே கணப்பு, அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள். இந்தியாவில் 21 வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு சார்ஜண்ட் மேஜர், பதப்படுத்திய ஒரு குரங்குப் பாதத்தை எடுத்துக் காட்டுகிறார். ஒரு பக்கீர் மந்திரித்தது, மூன்று பேருக்கு மூன்று மூன்று வரம் தரும் என்கிறார். அவரே அதை நெருப்பில் வீச, அப்பா பாய்ந்து எடுத்துக்கொள்கிறார். அவர் கேட்பது ராஜ்யமோ புதையலோ இல்லை, வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு. மறுநாள் அந்தப் பணம் வருகிறது. எப்படி வருகிறது என்பதில் கதை தொடங்குகிறது.

முதல் கதையாக இதைத் தருவதற்குக் காரணம் அந்த 200 பவுண்டுதான். பேராசைக்காரன் தண்டிக்கப்படும் கதை நமக்குப் பழக்கம், தள்ளி நின்று கேட்டுவிடலாம். இந்த மனிதர் கேட்பதை நாமும் கேட்போம். வீட்டுக் கடன் இருக்கிற எல்லோரும் கேட்போம்.

பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடியற மாதிரி சொல்லுங்களேன்.

டபிள்யூ. எஃப். ஹார்வியின் 'ஆகஸ்ட் ஹீட்', 1910. தாங்க முடியாத வெயில் நாளில் ஓர் ஓவியர், நீதிமன்றக் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஒரு பருத்த மனிதனை மனம்போன போக்கில் வரைகிறார். வரைந்த தாளைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறார். வழியில் கல்லறைக் கல் செதுக்கும் ஒரு பட்டறை. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஓவியத்தில் இருக்கும் அதே மனிதர். நல்ல மனிதர், அன்பாகப் பேசுகிறார். அவர் செதுக்கிக்கொண்டிருக்கும் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீங்களே படியுங்கள். சித்திரை வெயிலில் பகல் 2 மணிக்குப் படித்தாலும் இந்தக் கதை வேலை செய்யும்.

அதே அளவில் இன்னொன்று எட்கர் ஆலன் போவின் 'தி டெல்-டேல் ஹார்ட்', 1843. ஒருவன் தான் பைத்தியம் இல்லை என்று நம்மிடம் வாதாடுகிறான். வாதாட வாதாட நமக்குக் கைகால் சில்லிடுகிறது. ஒரு சிறுகதையை ஒரே அமர்வில் படித்து முடிக்க வேண்டும், நடுவில் எழுந்துபோனால் அதன் பிடி தளர்ந்துவிடும் என்று போ 1842லேயே எழுதியிருக்கிறார். திகில் கதைக்கு இது இரட்டிப்பு உண்மை. பஸ்ஸில் பாதி, வீட்டில் பாதி என்று படித்துவிட்டு "ஒன்றும் தோன்றவில்லையே" என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேயே வராத கதைல என்ன பயம் இருக்கப் போகுது?

இதைக் கேட்பவர்களுக்கு நான் பதிலே சொல்வதில்லை, ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி'யைக் கொடுத்துவிடுகிறேன். ஜூன் 27, காலை நேரம், வெயில், பூக்கள், புல்வெளி. 300 பேர் வாழும் ஒரு கிராமத்தில் எல்லோரும் சதுக்கத்தில் கூடுகிறார்கள். மழையையும் வரியையும் பற்றி ஆண்கள் பேசுகிறார்கள், பெண்கள் ஊர்வம்பு பேசுகிறார்கள், பையன்கள் கூழாங்கல் பொறுக்குகிறார்கள். ஒரு பழைய கறுப்புப் பெட்டியிலிருந்து குடும்பத்துக்கு ஒரு சீட்டு. அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் உங்களுக்குச் செய்யும் துரோகம்.

1948 ஜூன் 26 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் இது வந்ததும் அந்தக் கோடையில் மட்டும் 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக ஜாக்சனே பின்னால் சொல்லியிருக்கிறார். திட்டியவர்கள் ஏராளம். அவருடைய அம்மாவே தனக்கும் அப்பாவுக்கும் கதை பிடிக்கவில்லை என்று எழுதினார். என்னை உலுக்கியது இன்னொரு வகைக் கடிதங்கள்: இந்த லாட்டரி எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கதையை விட அந்தக் கடிதங்கள் பயமாக இல்லையா?

எங்கள் கூட்டத்தில் இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், தன் ஊர்த் திருவிழாவில் ஏன் என்று யாருக்கும் தெரியாமலே செய்துவரும் ஒரு சடங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ராத்திரி 10 மணி வரை அந்தப் பேச்சு போனது.

ரத்தம், வெட்டு, குத்து எல்லாம் எனக்கு ஆகாது. ஆனா பயப்படணும். முடியுமா?

முடியும், அதுதான் நல்ல பயம் என்று நினைக்கிறவள் நான். ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியரின் ஒரு கட்டுரை, அவர் இறந்த பிறகு 1826இல் வெளிவந்தது. பயத்தை அதில் இரண்டாகப் பிரிக்கிறார். வரப்போகிறது என்ற கிலி மனதை விரியவைத்துப் புலன்களை விழிக்க வைக்கும்; கோரத்தை நேரில் பார்ப்பது மனதை உறைந்து சுருங்க வைக்கும். நீங்கள் கேட்பது முதல் வகை.

அதற்கு ஈடித் வார்ட்டனின் 'ஆல் சோல்ஸ்'. வார்ட்டன் இறந்த 1937ஆம் ஆண்டிலேயே, அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. கனெக்டிகட்டில் ஒரு பெரிய வீடு, அதில் ஒரு விதவை, பல வருடங்களாக இருக்கும் வேலைக்காரர்கள். அக்டோபர் கடைசி நாள் மாலை, வீட்டை நோக்கி நடந்துவரும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை அவள் பார்க்கிறாள். சற்று நேரத்தில் உறைந்த தண்ணீரில் வழுக்கிக் கணுக்காலில் அடிபடுகிறது. டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்கிறார். மறுநாள் காலை மணி அடித்தால் யாரும் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. வெளியே பனி கொட்டுகிறது. வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்க்கிறாள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை.

கதையின் பெரும்பகுதி அந்த அமைதிதான். எப்போதும் பாத்திரம் தேய்க்கும் சத்தமும் டிவி சத்தமும் இருக்கும் வீட்டில் ஒருநாள் கண் விழித்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றால் எப்படி இருக்கும்? கீழே சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு குரல் கேட்கும் இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஹால் விளக்கைப் போட்டேன்.

ஹாலோவீன் அன்னைக்கே நடக்கிற கதை வேற ஏதாவது இருக்கா?

மேலே சொன்ன 'ஆல் சோல்ஸ்' அந்த வார இறுதியில்தான் நடக்கிறது. இன்னொன்று ரே பிராட்பரியின் 'தி அக்டோபர் கேம்', 1948. ஒரு வீட்டில் குழந்தைகளுக்கு ஹாலோவீன் விருந்து. விளக்கை அணைத்துவிட்டு நிலவறையில் வட்டமாக உட்கார்ந்து, "இது சூனியக்காரியின் கண்" என்று சொல்லி எதையெதையோ கைமாற்றி விளையாடுகிறார்கள். பிரமாதமாக எழுதப்பட்டது. ஆனால் சொல்லிவிடுகிறேன்: குழந்தைகள் சம்பந்தப்பட்ட கொடுமையைத் தாங்க முடியாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் எனக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வராது.

எம். ஆர். ஜேம்ஸ்தான் பேய்க்கதை மன்னன்னு சொல்றாங்க. பத்துப் பக்கம் படிச்சும் ஒண்ணும் நடக்கலையே?

ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் பழைய சுவடிகளை ஆராய்ந்தவர், கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை அறையில் கூட்டி வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தன் கதையைத் தானே வாசிப்பார். இங்கிலாந்தில் பேய்க்கதையின் காலம் ஹாலோவீனை விட கிறிஸ்துமஸ்தான். ஆக, அவர் வாக்கியங்கள் காதால் கேட்பதற்கு எழுதப்பட்டவை. முதல் பத்துப் பக்கத்தில் வரும் ரயில், விடுதி, சாப்பாடு எல்லாம், இது நிஜமான இடம், நிஜமான ஆட்கள் என்று நம்மை நம்ப வைப்பதற்காக.

'ஓ, விசில், அண்ட் ஐ'ல் கம் டு யூ, மை லாட்' என்ற கதையை எடுத்துக்கொண்டு (1904ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது) பொறுமையாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அமானுஷ்யத்தில் துளியும் நம்பிக்கை இல்லாத ஒரு பேராசிரியர் கடற்கரை ஊருக்குக் கோல்ஃப் ஆடப் போகிறார். பழைய இடிபாட்டில் ஓர் ஊதல் கிடைக்கிறது. அதில் லத்தீனில், "வருகிற இவன் யார்?" என்று பொறித்திருக்கிறது. ஊதிப் பார்க்கிறார். அவர் அறையில் இரண்டு கட்டில்கள், அவர் படுப்பது ஒன்றில். காலையில் வேலைக்காரப் பெண், இரண்டு படுக்கையும் கலைந்திருந்ததே என்கிறாள். இந்த இடம் வரும்வரை பொறுத்தவர்கள் அப்புறம் நிறுத்த மாட்டார்கள்.

இந்தியாவுல நடக்கிற மாதிரி கதை இருக்கா?

தாகூரின் 'க்ஷுதித பாஷாண்', 'பசித்த கற்கள்', 1895. என் பட்டியலில் எப்போதும் முதல் ஐந்துக்குள் இருக்கும் கதை. ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும்போது ஓர் அந்நியர் சொல்கிறார்: பருத்தி வரி வசூலிக்கும் வேலையில் போன ஊரில், நதிக்கரையில் ஆளில்லாத ஒரு பளிங்கு மாளிகையில் தங்கினேன். பகலில் கணக்குப் புத்தகம், ராத்திரியில் கொலுசுச் சத்தம், அத்தர் வாசனை, காணாமல் போன யாரோ ஒருத்தியின் அழைப்பு. விடிகாலையில் ஒரு பைத்தியக்காரன் மாளிகையைச் சுற்றிவந்து, "விலகிப் போ, எல்லாம் பொய்" என்று கத்துகிறான். இதற்கு விதை, இளம் வயதில் அகமதாபாத்தில், நீதிபதியாக இருந்த அண்ணனுடன் சபர்மதிக் கரையின் ஷாஹிபாக் மாளிகையில் தாகூர் தங்கிய நாட்கள்.

கிப்ளிங்கையும் கேட்பார்கள். 'தி மார்க் ஆஃப் த பீஸ்ட்' (1890) கதையில் குடித்துவிட்டு வரும் ஓர் ஆங்கிலேயன் அனுமார் சிலையின் நெற்றியில் சுருட்டை அணைக்கிறான். அதன் பிறகு அவனுக்கு நடப்பது அசலான திகில். ஆனால் அவனைக் காப்பாற்ற நண்பர்கள் ஒரு தொழுநோயாளியைச் சித்திரவதை செய்யும் பகுதி வரும்போது, அந்த அறையில் யார் மிருகம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கிப்ளிங்குக்கே அந்தச் சங்கடம் ஓரளவு தெரிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படிக்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு.

தமிழ்ல இந்த மாதிரி யாருமே எழுதலையா?

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. 1940களில் எழுதப்பட்டது. கதைசொல்லி ஓர் எழுத்தாளர். வீட்டு வேலைக்கு என்று ஒரு பெண் வந்து சேருகிறாள். நடுநிசியில் வாசனைகள். அவள் யார் என்பதற்கு நம்பிக்கைக்காரருக்கு ஒரு பதில், பகுத்தறிவாளருக்கு ஒரு பதில்; இரண்டுக்கும் கதையில் இடம் இருக்கிறது, இரண்டுமே முழுசாகப் பொருந்துவதில்லை. மேலே சொன்ன உலகக் கதைகளோடு தயங்காமல் பக்கத்தில் வைக்கலாம். அவருடைய 'செல்லம்மாள்' பேய்க்கதை இல்லை, ஆனால் இறந்துபோன மனைவியின் உடலோடு ஒரு கணவன் தனியாக இருக்கும் அந்த இரவை நான் எந்தப் பேய்க்கதையைப் போலவும் மறக்கவில்லை.

இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு. எது சுலபமா இருக்கும்? காசு கொடுக்காம எங்கே கிடைக்கும்?

மொழி எளிமை என்றால் 'லாட்டரி'யும் 'குரங்கின் பாத'மும். போவும் லே ஃபானுவும் கொஞ்சம் கடினம், நீளமான வாக்கியங்கள். ஜேம்ஸ் நடுவில். தாகூரைத் தமிழிலேயே தேடிப் பாருங்கள், நூலகங்களில் அவருடைய சிறுகதைத் தொகுப்புகள் இருக்கும்.

ஜேக்கப்ஸ், போ, லே ஃபானு, ஜேம்ஸின் 1904ஆம் ஆண்டுத் தொகுப்பு ஆகியவை குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்க விரும்பினால் லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. புதுமைப்பித்தன் மதுரைத் திட்டம் என்ற இலவசத் தமிழ் மின்னூல் தளத்தில் உண்டு. ஜாக்சனையும் பிராட்பரியையும் புத்தகமாக வாங்குங்கள், அல்லது நூலகத்தில் எடுங்கள்.

பசங்களோட உட்கார்ந்து படிக்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் லஃப்காடியோ ஹெர்னின் 'ஹோய்ச்சி' கதை. அயர்லாந்தில் வளர்ந்து ஜப்பானில் குடியேறியவர் ஹெர்ன். 'குவைடான்' என்ற தொகுப்பு வந்த 1904ஆம் ஆண்டிலேயே இறந்துபோனார். கண் தெரியாத ஓர் இசைஞன், 1185இல் நடந்த கடற்போரில் தோற்று அழிந்த ஒரு குலத்தின் கதையை வீணை போன்ற ஒரு வாத்தியத்தில் பாடுவான். ஒரு ராத்திரி ஒரு போர்வீரன் வந்து, என் பிரபு உன் பாட்டைக் கேட்க விரும்புகிறார் என்று அழைத்துப் போகிறான். எங்கே போனோம், யார் முன்னால் பாடினோம் என்று அவனுக்குத் தெரியாது. அவனைக் காப்பாற்ற உடம்பெங்கும் மந்திரம் எழுதுவார்கள், ஓர் இடத்தை மறந்துவிடுவார்கள். குழந்தைகள் இந்த இடத்தில் தங்களை அறியாமல் காதைப் பொத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பதின்ம வயதினருக்கு ஸாகியின் 'தி ஓப்பன் விண்டோ'. பலர் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள், மறுபடியும் படிக்கலாம். 'அக்டோபர் கேம்' கூடவே கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

முடிவு என்னன்னு யாரோ சொல்லிட்டாங்க. இனிமே படிச்சு என்ன பிரயோஜனம்?

'லாட்டரி'யின் முடிவு தெரிந்துவிட்டது என்றால் எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் படியுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்தப் பையன்கள் ஏன் கல் பொறுக்குகிறார்கள் என்று முதல் பத்தியிலேயே உறைக்கும். ஜாக்சன் எதையும் மறைக்கவில்லை, நாம்தான் பார்க்கவில்லை.

டிக்கன்ஸின் 'தி சிக்னல்-மேன்' (1866) கதையை நான் ஐந்தாறு முறை படித்திருக்கிறேன். ஆழமான ரயில் பாதைப் பள்ளத்தில், சுரங்க வாயிலில், தனியாக வேலை பார்க்கும் ஒருவர். ஒவ்வொரு விபத்துக்கு முன்பும் சிவப்பு விளக்கருகே ஓர் உருவம் நிற்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. அதற்கு முந்தைய வருடம், 1865 ஜூன் 9 அன்று, ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்தில் டிக்கன்ஸ் இருந்தார். பத்துப் பேர் இறந்தார்கள். அடிபட்டவர்களுக்குத் தன் தொப்பியில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அதன் பிறகு ரயில் பயணம் என்றாலே அவருக்கு நடுக்கம். சரியாக ஐந்து வருடம் கழித்து அதே ஜூன் 9இல் இறந்தார். இதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது, எச்சரிக்கை வந்தும் எதுவும் செய்ய முடியாத அந்தத் தொழிலாளியின் தவிப்பு வேறு மாதிரி கனக்கிறது.

படிச்சு முடிச்சேன். ஆனா என்னதான் நடந்துச்சுன்னே புரியல. நான் ஏதாவது விட்டுட்டேனா?

பெரும்பாலும் எதையும் விட்டிருக்க மாட்டீர்கள். இந்தக் கேள்வி அதிகம் வருவது இரண்டு கதைகளுக்கு. ஒன்று, அர்ஜென்டினாவின் ஹூலியோ கோர்த்தாஸார் 1946இல் வெளியிட்ட 'கைப்பற்றப்பட்ட வீடு'. பரம்பரை வீட்டில் அண்ணனும் தங்கையும். ஒருநாள் பின்கட்டில் ஏதோ சத்தம். "அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்" என்று கதவைச் சாத்திவிட்டு, மிச்ச வீட்டில் குடித்தனம் தொடர்கிறது. யார் எடுத்துக்கொண்டது? கடைசிவரை சொல்லப்படவில்லை. அர்ஜென்டினாவை அப்போது ஆண்ட பெரோன் கால அரசியல் என்று சிலர் படித்தார்கள். தனக்கு வந்த ஒரு கெட்ட கனவுதான் இது என்று கோர்த்தாஸார் சொன்னார். என்னைக் கேட்டால், யார் என்பதை விட, அவர்கள் ஒருமுறைகூட எதிர்த்துக் கேட்காததுதான் பயம்.

இன்னொன்று சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்', 1892. பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு மனச் சோர்வு. டாக்டரான கணவர் ஓய்வுதான் மருந்து என்று மாடி அறையில் வைக்கிறார், எழுதக் கூடாது என்கிறார். சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்வதை அவள் பார்க்கிறாள். பேயா, பித்தா? கில்மனுக்கே இப்படி ஒரு சிகிச்சை நடந்தது. பேனாவையும் தூரிகையையும் வாழ்நாள் முழுக்கத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர். அதைக் கேட்டு நடந்து, கிட்டத்தட்ட புத்தி பேதலிக்கும் நிலைக்குப் போய்த் திரும்பினார் அவர். பிரசவத்துக்குப் பின் "உனக்கு ஒன்றும் இல்லை, சும்மா படு" என்று சொல்லப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதையில் விளக்கம் தேவைப்பட்டதை நான் பார்த்ததில்லை.

லவ்கிராஃப்ட் இனவெறியராமே. அவரைப் படிக்கலாமா, கூடாதா?

இனவெறியர்தான், கடிதங்களிலும் சில கதைகளிலும் அப்பட்டமாகவே இருக்கிறது. உலக ஃபேண்டஸி விருதுக்கு அவர் தலையைச் சிலையாகக் கொடுத்துவந்த வழக்கத்தை 2015இல் கைவிட்டார்கள், சரியான முடிவு. 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' (1927) கதையில் அந்த வெறுப்பு இல்லை. ஒரு பண்ணையில் விண்கல் விழுந்து, மண்ணும் பழமும் மாடும் மனிதரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாவதைச் சொல்கிறது. அந்த ஒன்றைப் படித்தால் போதும் என்பேன். கூடவே, கறுப்பின எழுத்தாளரான விக்டர் லாவெல் 2016இல் எழுதிய குறுநாவல் 'தி பாலட் ஆஃப் பிளாக் டாம்'. லவ்கிராஃப்டின் ஒரு கதையை அதில் வெறுக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று திருப்பி எழுதியிருக்கிறார். இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

நீங்க சொன்னதுல நாலு படிச்சேன். எனக்குப் பயமே வரலையே!

அப்படியானால் நான் உங்களிடம் முதலில் ஒன்று கேட்டிருக்க வேண்டும்: ராத்திரி தூக்கம் கலைந்தால் உங்களுக்கு என்ன நினைப்பு வரும்? பேய்க்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர், எல்லோரும் எதற்குப் பயப்படுகிறார்களோ அதற்கு நாமும் பயப்பட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிறவருக்கு 'லாட்டரி'. தனிமைக்குப் பயந்தவருக்கு 'ஆல் சோல்ஸ்'. தன் மனமே தன்னை ஏமாற்றுமோ என்பவருக்குக் கில்மன். நாள் குறித்தாகிவிட்டதோ என்று நினைப்பவருக்கு 'ஆகஸ்ட் ஹீட்'. வீடு கைவிட்டுப் போகும் கவலை இருப்பவருக்குக் கோர்த்தாஸார். எங்கள் கூட்டத்தில் ஒரு வங்கி ஊழியர் எதற்கும் அசையவே மாட்டார். 'சிக்னல்-மேன்' படித்த அன்று மட்டும் வீட்டுக்குப் போய் கேஸ் வால்வை மூன்று முறை பார்த்ததாகச் சொன்னார்.

வீட்டுல ஒரு சாவு நடந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. இந்த நேரத்துல இதெல்லாம் படிக்கலாமா?

முதல் கதையாகக் 'குரங்கின் பாதம்' கொடுப்பேன் என்று மேலே சொன்னேன். இங்கேதான் அந்த விதிவிலக்கு. சில வருடங்களுக்கு முன் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு தோழிக்கு வழக்கம்போல அதைக் கொடுத்தேன். அவருடைய தம்பி வேலை செய்த இடத்தில் அடிபட்டு இறந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அந்தக் கதையில் அம்மா இரண்டாவது வரமாக எதைக் கேட்கச் சொல்கிறாள் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி 11 மணிக்கு அவர் போன் செய்தார். திட்டவில்லை. "அக்கா, நானா இருந்தா கதவைத் திறந்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் போனை வைக்கவே இல்லை.

அதனால் நான் உறுதியாகச் சொல்வது: ஜேக்கப்ஸ் இப்போது வேண்டாம், 'செல்லம்மாள்' வேண்டாம், 'அக்டோபர் கேம்' வேண்டவே வேண்டாம். படிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் 'ஹோய்ச்சி'யை எடுங்கள். இறந்துபோனவர்கள் தங்கள் கதையை ஒருவன் பாடக் கேட்டு அழுகிற கதை அது. எதுவுமே வேண்டாம் என்று தோன்றினாலும் சரிதான், கல்லறைத் திருநாளோ திதியோ உங்கள் வழக்கம் எதுவோ அதைச் செய்துவிட்டுப் படுங்கள். அந்தத் தோழி அடுத்த அக்டோபரில் தானாகவே வந்தார். அன்று கதையை அவரே தேர்ந்தெடுத்தார், அவரே வாசித்தார்: 'பசித்த கற்கள்'.